மலையில் வேலை, மெயிலில் ஓலை

வாசகர் கேள்வி – பதில்

2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தபோது, நமக்கு அது அமெரிக்கச் செய்தி. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் 2 சதவீதத்தினரை, அதாவது ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்னதும் கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் வயிற்றில் புளி கரைந்தது. கொரோனா காலத்தில் லேப்டாப்போடு ஊர் திரும்பி, அப்படியே தங்கிவிட்டவர்களின் கடிதங்கள்தான் இந்த முறை அதிகம். ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடங்களில் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம், காரணம் எல்லோருக்கும் தெரியும்.

2021-ல் பெங்களூரு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். முதல் நாளிலிருந்தே வீட்டிலிருந்துதான் வேலை. இப்போது வாரம் மூன்று நாள் ஆபீஸ் வரவேண்டும், வராவிட்டால் ராஜினாமா செய்ததாகக் கருதப்படும் என்று மெயில் வந்திருக்கிறது. சேரும்போது எச்.ஆர். 'உங்களுக்கு எப்போதுமே வீட்டிலிருந்துதான்' என்று சொன்னார். அது செல்லாதா?
– வாசகர், கோத்தகிரி

எச்.ஆர். வாயால் சொன்னதை விடுங்கள். அவரே இப்போது அங்கே இருக்கிறாரோ என்னவோ. நியமனக் கடிதத்தை எடுத்து மூன்று இடங்களைப் பாருங்கள். பணியிடம் என்ற தலைப்பில் என்ன ஊர் போட்டிருக்கிறது? இடமாற்றம் பற்றிய வரி உண்டா? 'நிறுவனக் கொள்கைகள் அவ்வப்போது மாறும், அவை ஊழியரைக் கட்டுப்படுத்தும்' என்ற வரி உண்டா? 2020, 2021-ல் வந்த பெரும்பாலான கடிதங்களில் பணியிடம் 'பெங்களூரு' என்றுதான் இருக்கும். பக்கத்திலேயே 'மறு அறிவிப்பு வரும் வரை வீட்டிலிருந்து' என்று ஒரு வால் ஒட்டியிருக்கும். அப்படியானால் கூப்பிடும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. பணியிடமாகக் 'கோத்தகிரி' என்றோ 'வீட்டு முகவரி' என்றோ போட்டிருந்தால் உங்கள் கை ஓங்கும்: அது பணி நிபந்தனை, ஒரு மெயிலால் மாற்றிவிட முடியாது என்று வாதிடலாம்.

வராததைத் தானாகவே ராஜினாமாவாக எடுத்துக்கொள்வோம் என்பது மிரட்டல்தான், முழுச் சட்டம் அல்ல. விசாரணை இல்லாமல், வராத காரணத்துக்காகவே பெயரை நீக்கியது செல்லாது என்று டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. அதை நம்பிப் பதில் போடாமல் இருந்துவிடாதீர்கள். அமைதியாக இருந்தவருடைய கோப்பில்தான் 'தொடர்பில் இல்லை' என்று எழுதுவது சுலபம்.

பதில் மெயிலில் மறுப்பு இருக்க வேண்டாம், மாற்று யோசனை இருக்கட்டும். வாரம் மூன்று நாள் என்பது மாதம் 12 நாள். அதைத் தொடர்ச்சியாக இரண்டு வாரம், 10 வேலை நாள் என்று கேளுங்கள். இன்ஃபோசிஸ் தன் ஊழியர்களிடம் மாதம் குறைந்தது 10 நாள்தான் கேட்கிறது. ஆகவே இது யாரும் கேள்விப்படாத கோரிக்கை அல்ல. (டி.சி.எஸ்.ஸும் அமேசானும் ஐந்து நாளுக்குப் போய்விட்டன என்பதையும் தெரிந்துகொண்டே பேசுங்கள்.) வாராவாரம் போய்வருவது நம் மலைக்கு ஒத்துவராததற்குக் காரணம் வெறும் தூரம் அல்ல. பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். திம்பம் மலைப்பாதையிலும் இரவுத் தடை உண்டு. வெள்ளி மாலை 6 மணிக்கு பெங்களூரிலிருந்து காரில் கிளம்பினால் குண்டல்பேட்டை வருவதற்குள் கதவு சாத்திவிடுவார்கள். மிச்சம் இருப்பது ஓசூர், சேலம், மேட்டுப்பாளையம் என்று சுற்றி வருவது. திங்கள் காலையும் இதே கதை. இதை இரண்டு வரியில் மெயிலில் எழுதுங்கள். மேலாளர் சமவெளிக்காரராக இருந்தால் அவருக்கு இது தெரியாது.

செய்யக்கூடாதவை இரண்டு. கார்டைத் தேய்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பாதீர்கள். கதவும் வைஃபையும் நேரத்தைப் பதிவு செய்கின்றன. கோத்தகிரியில் இருந்துகொண்டு பெங்களூரு வாடகை ரசீது கொடுக்காதீர்கள். ஆளைக் குறைக்கும் காலத்தில் 'பொய்க் கணக்கு' என்ற காரணம் கிடைத்தால் இழப்பீடே தராமல் அனுப்பிவிடலாம். இரண்டாயிரம் ரூபாய் வரியை மிச்சம் பிடிக்கப்போய் இரண்டு லட்சத்தை விட்டவர்கள் உண்டு.

வியாழக்கிழமை மதியம் பத்து நிமிட வீடியோ காலில் கூப்பிட்டு, 'இன்றைக்குள் ராஜினாமா போட்டால் இரண்டு மாதச் சம்பளம்; இல்லாவிட்டால் நாங்களே நீக்குவோம், உங்கள் பெயர் கெடும்' என்றார்கள். மாலை 6 மணி வரை அவகாசம். 6 வருடம் 8 மாதம் வேலை செய்திருக்கிறேன், மாதம் 90,000 ரூபாய். தோழிக்கு நடந்தது இது. நாளை எனக்கும் நடக்கலாம். என்ன செய்வது?
– வாசகி, குன்னூர்

அன்றே கையெழுத்துப் போடக்கூடாது. இந்தப் பதிலில் இது ஒன்று நினைவில் நின்றாலும் போதும்.

அந்த இரண்டு மாதச் சம்பளம் பெரும்பாலும் உங்கள் ஒப்பந்தத்தில் ஏற்கெனவே உள்ள நோட்டீஸ் காலத்துப் பணம்தான். உங்கள் பணத்தையே உங்களுக்குச் சலுகையாகக் காட்டுகிறார்கள். ராஜினாமா கொடுத்த நொடியில் ஆட்குறைப்பு இழப்பீடு போய்விடும். இ.எம்.ஐ.க்கு வேலையிழப்புக் காப்பீடு எடுத்திருந்தால் அதுவும் போய்விடும். சொந்த ராஜினாமாவுக்கு அவர்கள் தருவதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றில் 'ஊதியம்' என்பது மொத்தச் சம்பளத்தில் பாதிக்குக் குறையக்கூடாது. படிகள் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியத்தில் சேரும். ஆகவே 90,000-க்குக் குறைந்தது 45,000 ஊதியம். ஆட்குறைப்பு இழப்பீடு முடிந்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகக் கணக்கில் வரும் என்பதால் உங்களுக்கு 7 ஆண்டு: 22,500 × 7 = 1,57,500. பணிக்கொடை 45,000 × 15 ÷ 26 × 7, ஏறக்குறைய 1,81,700. இதற்கு மேல், வேலை போனவர் புதிய திறன் கற்க உதவும் மறுதிறன் நிதியாக 15 நாள் ஊதியம், 22,500, நீக்கிய 45 நாளுக்குள் கணக்கில் வரவேண்டும். நோட்டீஸ் காலச் சம்பளமும் எடுக்காத விடுப்புக்கான பணமும் தனி. பணிக்கொடை ராஜினாமா செய்தாலும் உண்டு. ஆக, ஒரு கையெழுத்தில் போகக்கூடியது இழப்பீடும் மறுதிறன் நிதியும் சேர்ந்த 1,80,000 ரூபாய்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இழப்பீடும் மறுதிறன் நிதியும் சட்டப்படி 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கே. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் அதில் வரமாட்டார்கள். பதவியின் பெயரில் 'மேனேஜர்' இருப்பதாலேயே ஒருவர் வெளியே போய்விடுவதில்லை. செய்கிற வேலை என்ன என்றுதான் பார்ப்பார்கள். கம்ப்யூட்டர் கோடு எழுதுகிறவர், டெஸ்டிங் செய்கிறவர், வாடிக்கையாளர் சிக்கல் தீர்ப்பவர் ஆகியோருக்கு வலுவான வாதம் இருக்கிறது. பத்துப் பேருக்கு விடுப்பு அனுமதித்து மதிப்பீடு போடுகிறவருக்கு இல்லை. அவர் ஒப்பந்தத்தில் உள்ளதைத்தான் பேசிப் பெற வேண்டும். பணிக்கொடைக்கு இந்த வேறுபாடு கிடையாது, ஐந்து ஆண்டுதான் கணக்கு. ஐந்துக்குக் கொஞ்சம் குறைந்தாலும் விட்டுவிடாதீர்கள்: நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

அந்த வீடியோ காலில் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: 'நீங்கள் சொன்னதை மெயிலில் அனுப்புங்கள், படித்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.' கோபமும் வேண்டாம், அழுகையும் வேண்டாம், சம்மதமும் வேண்டாம். மெயில் வராவிட்டால் நீங்களே அனுப்புங்கள்: இன்ன நேரத்தில் இன்னார் இப்படிச் சொன்னார், நான் ராஜினாமா செய்ய விரும்பவில்லை, தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். அலுவலக மெயிலிலிருந்து அனுப்பி, சொந்த மெயிலுக்கும் ஒரு நகல். பேசி முடித்த அரை மணியில் லாகின் போய்விடும் என்பதால், சம்பளச் சீட்டுகள், படிவம் 16, நியமனக் கடிதம், ஊதிய உயர்வுக் கடிதங்கள், பி.எஃப். எண், காப்பீட்டு அட்டை எல்லாம் முன்கூட்டியே உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கட்டும். இன்றே செய்துவிடுங்கள். ஆனால் கோடு, வாடிக்கையாளர் விவரம், உள் ஆவணம் ஒன்றைக்கூட எடுக்காதீர்கள். அது தனிக் குற்றமாகிவிடும்.

'பெயர் கெடும்' என்பது பழைய பயமுறுத்தல். அடுத்த நிறுவனத்தின் சரிபார்ப்பில் வேலை செய்த தேதிகளும் பதவியும்தான் முக்கியமாகக் கேட்கப்படும். 'ஆட்குறைப்பு' என்று எழுதியிருப்பதைக் கண்டு இன்று யாரும் முகம் சுளிப்பதில்லை. எப்படியும் ராஜினாமாதான் என்று முடிவு செய்தால், கடிதத்தில் 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்று எழுதாமல் 'நிறுவனம் கேட்டுக்கொண்டதற்கு இணங்க' என்று எழுதி, தொகையையும் தேதியையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.

கணக்கு முடிப்பதில் தாமதம் நடந்தால்: நீக்கினாலும் ராஜினாமா செய்தாலும் நிலுவை ஊதியம் இரண்டு வேலை நாளுக்குள் வரவேண்டும் என்கிறது புதிய ஊதியச் சட்டம். பணிக்கொடைக்கு 30 நாள். ஆட்குறைப்பு இழப்பீட்டில் 5 லட்சம், பணிக்கொடையில் 20 லட்சம், விடுப்புப் பணத்தில் 25 லட்சம் வரை வருமான வரி கிடையாது. வரி பிடித்துத்தான் தருவோம் என்றால் இந்த எண்களைக் காட்டுங்கள். தொழிலாளர் துறையில் முறையிட இரண்டு ஆண்டு வரை நேரம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்குள் போனால்தான் உடன் வேலை செய்தவர்கள் சாட்சிக்கு இருப்பார்கள். அடுத்த ஓராண்டுக்குள் அதே வகை வேலைக்கு ஆள் எடுத்தால் நீக்கப்பட்ட தொழிலாளிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே அந்த நிறுவனத்தின் வேலை விளம்பரங்களைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பைத் திருப்பி அனுப்பும்போது வரிசை எண் தெரியும்படி படம், பெட்டியில் வைக்கும்போது ஒரு படம், கூரியர் ரசீது, 'கிடைத்தது' என்ற மெயில். இந்த நான்கும் இல்லாததால் கடைசிச் சம்பளத்தில் 60,000, 70,000 பிடித்தம் ஆனவர்கள் மலையில்தான் அதிகம். ஆபீசில் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க நமக்கு வழியில்லையே.

அமெரிக்க நிறுவனத்துக்கு மாதம் 3 லட்சத்துக்கு ஒப்பந்தக்காரராக வேலை செய்கிறேன். ஆட்குறைப்பு என்று 7 நாள் நோட்டீஸில் முடித்துவிட்டார்கள். அங்கே 60 நாள் நோட்டீஸ் சட்டம் இருக்கிறதாமே?
– வாசகர், வட்டக்கானல்

இருக்கிறது. 100 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனங்கள் பெருமளவில் ஆளைக் குறைத்தால் 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். ஆனால் அது அங்கே வேலை செய்யும் ஊழியர்களுக்கு. நீங்கள் அங்கேயும் இல்லை, ஊழியரும் இல்லை. இந்தியச் சட்டத்திலும் உங்களுக்கு இழப்பீடு, பணிக்கொடை, பி.எஃப். எதுவும் கிடையாது. இருப்பது ஒப்பந்தம் ஒன்றுதான்.

ஆகவே அடுத்த ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியது நோட்டீஸ் நாளைவிட பில் போடும் முறை. மாதம் ஒரு பில், அதற்கு 30 நாளில் பணம் என்றால், அவர்கள் கதவைச் சாத்தும் நாளில் உங்களுக்கு 60 நாள் உழைப்பு வரை பாக்கி நிற்கும், 6 லட்சம். இரண்டு வாரத்துக்கு ஒரு பில், 7 நாளில் பணம் என்றால் பாக்கி 21 நாளைத் தாண்டாது. நிறுவனம் திவாலானால் கடன்காரர் வரிசையில் கடைசியில் நிற்பது வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்தான். சம்பளம் பத்து சதவீதம் குறைந்தாலும் பரவாயில்லை, இந்த நிபந்தனையைப் பேசி வாங்குங்கள். இன்னொரு வழி, இந்தியாவில் உங்களைத் தன் ஊழியராகப் பதிவு செய்து சம்பளம் தரும் இடைநிலை நிறுவனம் மூலம் சேர்வது. கையில் வருவது குறையும், பி.எஃப்.பும் பணிக்கொடையும் ஊழியர் என்ற தகுதியும் கிடைக்கும்.

வரியில் இரண்டு இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். சேவை ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம்தான், ஆனால் அதற்கு உறுதிமொழிக் கடிதத்தை ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகப் போட வேண்டும். மறந்தால் 18 சதவீதம் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். அடுத்தது வருமான வரி: 44ஏடிஏ என்று நாம் பழகிய திட்டத்தில், பணம் முழுக்க வங்கி வழியாக வந்தால் 75 லட்சம் வரை வரவில் பாதியையே வருமானமாகக் காட்டலாம். உங்கள் வேலை அந்தப் பட்டியலில் உள்ள தொழிலுக்குள் வருகிறதா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். முழு வரியையும் மார்ச் 15-க்குள் முன்கூட்டியே கட்ட வேண்டும். வேலை போன வருடத்தில் இதற்குப் பணம் இல்லாமல் தவிப்பவர்கள் நிறைய. வரும் ஒவ்வொரு தொகையிலும் ஒரு பங்கை அன்றே தனிக் கணக்கில் தள்ளிவிடுங்கள். வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான வங்கிச் சான்றையும் மாதாமாதம் வாங்கி வையுங்கள்.

மழை வந்தால் நெட் போகிறது, காற்றடித்தால் கரண்ட் போகிறது. இந்த ஆண்டு மதிப்பீட்டில் 'கிடைப்பதில்லை' என்று எழுதிவிட்டார்கள். இரண்டு கம்பெனி நெட் வைத்தும் பயனில்லை.
– வாசகர், எமரால்டு

எமரால்டில் இருந்துகொண்டு மழையைக் குறை சொல்ல முடியாது. பக்கத்து அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. உங்கள் சிக்கல் மழை அல்ல. இரண்டு இணைப்பும் ஒரே கம்பத்தில் தொங்குவது. மலையில் பெரும்பாலான ஃபைபர் மின்கம்பம், மரம் வழியாகத்தான் வருகிறது. கற்பூர மரம் ஒன்று சாய்ந்தால் கரண்ட், இரண்டு நெட், எல்லாம் ஒரே அடியில் போய்விடும். மழை நின்ற ஒரு நாளில் உங்கள் வீட்டிலிருந்து பிரதான சாலை வரை கம்பியைப் பின்தொடர்ந்து நடந்து பாருங்கள். இரண்டும் ஒரே வழி என்றால் ஒன்றை நிறுத்திவிட்டு, அந்தக் காசில் சிம் போட்ட 4ஜி ரூட்டரும் வெளி ஆன்டெனாவும் வாங்குங்கள். ஆன்டெனாவைக் கூரையில் டவர் பார்க்கத் திருப்பி, ரூட்டரின் பக்கத்தில் சிக்னல் அளவைப் பாருங்கள்: மைனஸ் 100-ஐவிட நல்லதாக, அதாவது மைனஸ் 95, 90 என்று இருந்தால் வீடியோ கால் தாங்கும். மைனஸ் 110-க்குக் கீழே போனால் பேச்சு மட்டும்தான்.

ஃபைபர் அறவே போகாமல் மந்தமாகிறது என்றால் காரணம் வேறு. மோடத்தின் பக்கத்தில் ஒளி அளவு என்று ஒரு எண் இருக்கும். மைனஸ் 15-லிருந்து 24 வரை நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் மழை நாளில் விழும். இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருக்கும், அல்லது குரங்கு ஊஞ்சலாடி வயர் மடங்கியிருக்கும். 'நெட் ஸ்லோ' என்று புகார் சொன்னால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள். 'ஒளி அளவு மைனஸ் 27' என்று சொன்னால் ஆள் அனுப்புவார்கள். சிவப்பு விளக்கு மினுக்கினால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது, அணைத்துப் போட்டுப் பயனில்லை.

கரண்டுக்கு இரண்டு அடுக்கு. மோடத்துக்கும் ரூட்டருக்கும் தனியாக 12 வோல்ட் மினி யு.பி.எஸ். வாங்கும் முன் அடாப்டரின் மேல் உள்ள வோல்ட், ஆம்பியர் இரண்டையும் படியுங்கள். சில பெட்டிகள் 9 வோல்ட், அவற்றில் 12-ஐச் செருகினால் கருகும். லேப்டாப்புக்கும் திரைக்கும் இன்வெர்ட்டர். 150 ஆம்பியர்-மணி ட்யூபுலர் பேட்டரியில் கணக்குப்படி 1,800 வாட்-மணி. இழப்பெல்லாம் போக 1,100 கையில் நிற்கும். லேப்டாப் 60, திரை 25, நெட் பெட்டிகள் 15, ஆக 100 வாட்டுக்குப் பத்து மணி நேரமாவது ஓடும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் பேட்டரி சோம்பிவிடும், பத்து எட்டாகும். மூன்று வருடப் பேட்டரி என்றால் அதிலும் பாதிதான். எலெக்ட்ரீசியன் வழக்கமாக முழு வீட்டையும் இன்வெர்ட்டரில் கோத்துவிடுவார். யாராவது அறை ஹீட்டரைப் போட்டால் 2,000 வாட், வீடியோ கால் நடுவில் எல்லாம் அணைந்துவிடும். வேலை மேசைக்கு மட்டும் தனி வயர் இழுக்கச் சொல்லுங்கள்.

அதற்கு மேல் மின்தடை நீண்டால் வீட்டில் எதுவும் செய்ய முடியாது. செல்போன் டவரின் பேட்டரியும் சில மணி நேரத்தில் தீர்ந்து 4ஜியும் போய்விடும். 2018 நவம்பர் கஜா புயலில் கொடைக்கானலில் பார்த்ததுதானே. அந்த நாளுக்கு வேண்டியது ஒரு ஊர்: ஊட்டி டவுனிலோ மேட்டுப்பாளையத்திலோ உறவினர் வீடு ஒன்று, ஏற்கெனவே ஒருமுறை உட்கார்ந்து சோதித்துப் பார்த்தது. இந்த ஏற்பாட்டை மேலாளருக்கு மே மாதமே எழுதி அனுப்பிவிடுங்கள்: இவ்வளவு நேரம் வரை தாக்குப்பிடிப்பேன், அதற்கு மேல் போனால் இவ்வளவு நேரத்தில் இடம் மாறுவேன். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளை முந்தின நாளே காலண்டரில் போடுங்கள். வீடியோ கால் அறுந்த பிறகு 'இங்கே மழை சார்' என்பது சாக்கு; முந்தின நாளே எழுதினால் அது திட்டமிடல். மதிப்பீட்டில் எழுதிவிட்ட அந்த ஒரு சொல்லுக்கும் பதில் போடுங்கள்: ஆண்டில் எத்தனை மணி நேரம் விடுபட்டது, எத்தனை ஈடு செய்தீர்கள் என்ற எண்ணோடு.

வேலை போனால் எத்தனை மாதத்துக்குக் கையில் பணம் வேண்டும்? பி.எஃப். எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, கேத்தி

நகரத்தில் இருப்பவர்களுக்கு ஆறு மாதச் செலவு என்பார்கள். மலையில் இருப்பவருக்கு ஒன்பது என்று நாங்கள் சொல்வோம். இங்கே செலவு குறைவுதான், ஆனால் அடுத்த வேலை வீட்டிலிருந்து கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வேலை கிடைத்ததும் முதல் செலவு பெங்களூரிலோ சென்னையிலோ வீட்டு அட்வான்ஸ், சாமான் இறக்கும் லாரி, முதல் சம்பளம் வரும் வரை சாப்பாடு. அந்தப் பணம் இல்லாமல் நல்ல வேலையை மறுத்தவர்கள் உண்டு. வீட்டுத் தேயிலைத் தோட்டத்தை நம்பிக் கணக்குப் போடுகிறவர்களுக்கு: பசுந்தேயிலை விலை போகிற போக்கில் அது அரிசி வாங்கும், இ.எம்.ஐ. கட்டாது.

பணத்துக்கும் முன்னால் மருத்துவக் காப்பீடு. கம்பெனி பாலிசி கடைசி வேலை நாளோடு முடிகிறது, அதில் சேர்த்த அப்பா அம்மாவுக்கும் சேர்த்துத்தான். தனிப் பாலிசி எடுத்தால் முதல் 30 நாள் விபத்து தவிர வேறெதற்கும் கிடைக்காது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அதனால் வேலையில் இருக்கும்போதே ஒரு சிறிய குடும்பப் பாலிசி எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இதற்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. எடுக்காமல் மாட்டிக்கொண்டவர்கள், கடைசி நாளுக்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்திடம் தனிநபர் பாலிசிக்கு மாற்றித்தரக் கேளுங்கள்; காத்திருந்த காலம் வீணாகாது.

பி.எஃப். கடைசிக் கதவு. ஐந்து ஆண்டு தொடர் சேவைக்கு முன் எடுத்தால் வரி உண்டு. 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்தே தருவார்கள். பழைய கம்பெனிக் கணக்கைப் புதியதற்கு மாற்றியிருந்தால் அந்த வருடங்களும் சேரும். பத்து ஆண்டு சேவை இருந்தால்தான் ஓய்வூதியம் என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய நிறுவனம் வெளியேறிய தேதியைப் போடாமல் இழுத்தால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதிவு செய்யலாம். அதற்கு முன்பு வருகிற அவசரத்துக்கு நகைக் கடன் வாங்குங்கள். கிரெடிட் கார்டு பாக்கி ஆண்டுக்கு 36 சதவீதத்துக்கு மேல் தின்னும்.

'செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம்' என்று 60 நாள் கொடுத்திருக்கிறார்கள். இது தப்பிக்க வழியா, வெளியே போக வழியா?
– வாசகர், கூடலூர்

இலக்குகளைப் படித்தால் தெரிந்துவிடும். 'இந்தத் தேதிக்குள் இத்தனை டிக்கெட், பிழை இத்தனைக்கு மேல் கூடாது' என்று எண்ணோடு இருந்தால் தப்பிக்க இடம் இருக்கிறது. 'முன்முயற்சி காட்ட வேண்டும்', 'தொடர்பு மேம்பட வேண்டும்' என்று இருந்தால் தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் விசாரிக்கிறார்கள். அப்போதும் எண் கேட்டு மெயில் போடுங்கள். ஒவ்வொரு வெள்ளியும் செய்து முடித்ததைப் பட்டியலிட்டு அனுப்புங்கள். பின்னால் வழக்குக்கு அதுதான் ஆவணம். முதல் நாளிலேயே வெளியே வேலை தேடத் தொடங்குங்கள். 60 நாள் என்பது ஒரு நேர்காணல் சுற்று முடிகிற காலம்தான்.

பெஞ்சில், அதாவது புராஜெக்ட் இல்லாமல் காத்திருக்கிறவர்களுக்கும் இதோடு ஒரு சொல். டி.சி.எஸ். 2025-ல் கொண்டுவந்த விதியில் ஆண்டுக்கு 225 நாள் வாடிக்கையாளர் வேலை, பெஞ்சில் அதிகபட்சம் 35 நாள். மற்ற நிறுவனங்களின் கணக்கும் இதை ஒட்டித்தான் போகும். ஆபீசில் இருப்பவர் காபி குடிக்கும் இடத்தில் புதிய புராஜெக்ட் பற்றிக் கேள்விப்படுவார். கூடலூரில் இருப்பவர் வாரம் இருமுறை போன் எடுத்துக் கேட்காவிட்டால் பட்டியலில் பெயராக மட்டுமே இருப்பார். பட்டியலில் பெயரை அடிப்பவருக்கு முகம் தெரியாதவர் பெயர்தான் சுலபம்.

என் மகனுக்கு வேலை போய் நாலு மாசம் ஆச்சு. இப்போ வீட்டிலிருந்தே செய்யற வெளிநாட்டு வேலை கிடைச்சிருக்குன்னு சொல்றான். லேப்டாப் அனுப்ப 18,500 ரூபாய் டெபாசிட் கட்டணுமாம், முதல் சம்பளத்தோட திருப்பித் தருவாங்களாம். கட்டலாமா?
– ஒரு தாய், பூம்பாறை

கட்டாதீர்கள் அம்மா. வேலை கொடுக்கிறவர் பணம் கேட்கமாட்டார். லேப்டாப்புக்கும் கேட்கமாட்டார், பயிற்சிக்கும் கேட்கமாட்டார், சான்றிதழ் சரிபார்க்கவும் கேட்கமாட்டார். மகனிடம் மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். நேர்காணல் முகம் பார்த்து நடந்ததா, வெறும் டெலிகிராம் எழுத்திலா? மெயில் நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்து வந்ததா, ஒரு எழுத்து மாறியிருக்கிறதா? நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு அவனே போன் செய்து, இந்த வேலை உண்மையா என்று கேட்டானா?

ஆதார், பான் நகல் ஏற்கெனவே கொடுத்திருந்தால் ஆதாரின் கைரேகைப் பதிவை உடனே லாக் செய்யச் சொல்லுங்கள். பணம் கட்டிவிட்டிருந்தால் யோசித்துக்கொண்டு உட்கார வேண்டாம், சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு இப்போதே போன் செய்யுங்கள். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் சொன்னால் வங்கியில் நிறுத்திவைக்க முடியும். மறுநாள் காலை வத்தலக்குண்டு பஸ் பிடித்துப் போய்ச் சொன்னால் கணக்கில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.